நீலகிரியில் தாயகம் திரும்பியோரின் குடிவழி: பெயரும் சான்றும்

நீலகிரி மலையில் இன்று வாழும் மக்களுள் மிகப் பலர், முன்னோ பின்னோ, வேறிடத்திலிருந்து வந்து குடியேறியோர் ஆவர். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் ஆகியோர் அம்மலையின் தொன்மையான குடிகள். படகர் என்னும் பெயர் 'வடக்கிலிருந்து வந்தோர்' எனப் பொருள்படும் என்றும், விசயநகரப் பேரரசு தளர்ந்த காலத்தை ஒட்டி மைசூர்ப் பகுதியினின்று அவர் மலையேறினர் என்றும் ஆய்வாளர் பலர் கருதுவர். அக்கருத்தை உடன்படாதாரும் உளர். 1603ஆம் ஆண்டு மேற்குக் கடற்கரையிலிருந்து மலைக்கு வந்த பெனீசியோ என்னும் கிறித்துவப் பாதிரியார் எழுதிய குறிப்பில் படகர் பெயர் காணப்படுகிறது. 1819ஆம் ஆண்டு கோயம்புத்தூர் ஆட்சித் தலைவர் சான் சல்லிவன் மலையேறிய பின்னர் ஆங்கிலேயரும், அவர்தம் காப்பி, சின்கோனா, தேயிலைத் தோட்டங்களில் பணிபுரியச் சமவெளித் தமிழரும் கன்னடரும் மலையாளிகளும் வந்தனர். நடுவட்டத்துச் சின்கோனாத் தோட்டங்களிற் சீனக் கைதிகளும் உழைத்தனர்.

இவ்வாறு அடுக்கடுக்காக அமைந்த குடியேற்றங்களுள் அண்மைக் காலத்தது, 1968ஆம் ஆண்டு முதல் இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழரின் குடியேற்றமாகும். அரசு ஆவணங்கள் இவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' எனக் குறிக்கின்றன. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, குன்னூர் ஆகிய பகுதிகளில் இவர்கள் மிகுதியாக வாழ்கின்றனர். இவர்களின் குடிவழியை எவ்வாறு ஆராய்ந்து காண்பது, அவ்வாராய்ச்சிக்குரிய சான்றுகள் எவை, அவற்றின் வலிமையும் குறையும் யாவை என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒப்புமைக்காக, அமெரிக்காவிற் குடியேறிய தொடக்க காலச் செருமானியக் குடும்பங்களின் குடிவழி ஆராய்ச்சி ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகிறது. கேத்தியில் 1840களில் நிலைகொண்டு படகரிடையே பணியாற்றிய பேசல் சபைத் தொண்டர்களுட் பலர் தென்செருமனியின் வூர்ட்டம்பெர்க்கு நாட்டினர். அந்நாடும் அதனை அடுத்த இரைன் ஆற்றுப் பகுதியும் அமெரிக்காவிற்கு மிகுதியான மக்களை அனுப்பிய நிலங்களாம். எனினும் நாம் இவ்வொப்புமையை மேற்கொள்வது அத்தொடர்பு பற்றி அன்று. கடன்பட்டுக் கடல் கடந்த எளிய மக்களின் மரபினை ஆராய்தற்கு ஆங்குத் தெளிந்த முறை ஒன்று வளர்ந்துள்ளமை பற்றியே என்க.

1. அமெரிக்கச் செருமானியர்

1683ஆம் ஆண்டு கிரெபெல்டு என்னும் ஊரினின்று 13 குடும்பத்தினர் 'கான்கார்டு' என்னும் கப்பலிற் பிலடெல்பியா சேர்ந்தனர். பாசுடோரியசு என்பார் தலைமையில் செர்மன்டவுன் என்னும் ஊர் எழுந்தது. 1709ஆம் ஆண்டு போரும் கடுங்குளிரும் வறுமையும் துரத்த, பாலத்தினேட்டு முதலிய பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 13,000 பேர் இலண்டன் மாநகரை அடைந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 3,000 பேர் மறு ஆண்டு நியூயார்க்கிற்கு அனுப்பப்பட்டனர். கப்பற்படைக்கு வேண்டும் கீல் காய்ச்சுதல் அவர்களுக்கு விதிக்கப்பட்ட பணி. ஆளுநர் அண்டர் என்பார் 1710 முதல் 1712 வரை அவர்களுக்கு உணவுப்பொருள் வழங்கியபோது எழுதிவைத்த கணக்கு, இன்று அக்குடும்பங்களின் குடிவழிக்கு முதன்மைச் சான்றாக விளங்குகிறது. உணவுக் கணக்கு எழுதியோர் வரலாறு எழுதுவதாக எண்ணினார் அல்லர். ஆயினும் வரலாறு அதனுள் தங்கிற்று.

1727ஆம் ஆண்டு முதற்கொண்டு பென்சில்வேனியா அரசு, வந்திறங்கிய அயல்நாட்டு ஆடவருள் 16 ஆண்டு நிரம்பியோர் அனைவரும் மன்னர்க்கு உறுதிமொழி அளித்தல் வேண்டும் என விதித்தது. இதனால் பல கப்பல்களுக்கு மூவகைப் பட்டியல்கள் எஞ்சின. ஒன்று கப்பல் தலைவன் கொடுத்தது. ஏனைய இரண்டும் உறுதிமொழி அளித்தோர் தாமே ஒப்பமிட்டவை. தலைவனின் பட்டியலில் பெயர்கள் ஆங்கிலச் செவிக்குக் கேட்டவாறு சிதைந்து நிற்கும்; ஒப்பப் பட்டியலில் உரியவர் கையெழுத்தே நிற்கும். இரண்டனையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்குச் சிதைந்த பெயரின் மெய்வடிவம் புலனாகும். 1856ஆம் ஆண்டு உரூப்பு என்பார் முப்பதினாயிரத்திற்கும் மேற்பட்ட பெயர்களைத் தொகுத்து வெளியிட்டார். 1934ஆம் ஆண்டு சிட்ராசுபர்கர், இங்கே ஆகிய இருவரும் அப்பட்டியல்களை மூன்று தொகுதிகளாகச் செவ்விதின் பதிப்பித்தனர்.

ஆயினும் கப்பற் பட்டியல் மட்டும் குடிவழியை நிறுவப் போதாது. மியூல்லர் என்பார் மில்லர் ஆயினர். சிம்மர்மன் என்பார் அப்பெயரின் பொருளை மொழிபெயர்த்துக் கார்ப்பென்டர் ஆயினர். உடன்பிறந்தார் பலர்க்கும் யோகான் என்னும் ஒரே முதற்பெயரிட்டு, இரண்டாம் பெயரால் அழைக்கும் வழக்கமும் இருந்தது. இதனை அறியாதார் மூவரை ஒருவராகவும் ஒருவரை மூவராகவும் மயங்குவர். இம்மயக்கத்தைத் தீர்ப்பன செருமனியின் ஊர்க் கோயில்களில் உள்ள திருமுழுக்கு, திருமண, இறப்புப் பதிவேடுகளும், நாட்டை விட்டுச் செல்வோர் தம் தலைவரிடம் விடுதலை பெற்றமைக்கான ஆவணங்களுமே. கடலின் இருகரையிலும் உள்ள ஏடுகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்திலேயே குடிவழி உறுதியாகிறது. புறப்பட்ட கரையின் சான்றும் சேர்ந்த கரையின் சான்றும் பொருந்தாதவிடத்துப் பெயரொப்புமை ஒன்றே கொண்டு முடிவு கூறல் ஆகாது என்பது அவ்வாராய்ச்சியாளர் கண்ட நெறியாகும்.

2. கண்டிச் சீமைக்குச் சென்றோர்

இனி, தமிழர் நிலையை நோக்குவோம். இலங்கை மலைநாட்டிற் காப்பித் தோட்டங்கள் பெருகிய 1830, 1840களில் தமிழகத்துச் சமவெளி மக்கள் ஆங்குச் செல்லத் தொடங்கினர். திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, ஆர்க்காடு, திருநெல்வேலி ஆகிய பகுதிகள் அவர்களின் பிறப்பிடம். மழை பொய்த்தலும், நிலமின்மையும், கடனும், சாதிக் கொடுமையும் அவர்களை உந்தின. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சம் செல்வோர் தொகையை மிகுவித்தது. தொடக்கத்தில் அவர்கள் பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். அவ்வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். அவர்தம் பெயர்கள் எவ்வேட்டிலும் ஏறவில்லை. 1869ஆம் ஆண்டு காப்பிச் செடிகளைப் பூஞ்சண நோய் பற்றியது. 1867ஆம் ஆண்டு சேம்சு தெயிலர் என்பார் உலூல்கந்துரையிற் பயிரிடத் தொடங்கிய தேயிலை, காப்பி அழிந்த நிலங்களிற் பரவிற்று. காப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆட்கள் வேண்டும்; தேயிலைக்கோ ஆண்டு முழுதும் வேண்டும். ஆதலின் வந்து மீள்வோராய் இருந்த மக்கள் நிலைத்து வாழ்வோர் ஆயினர்.

ஆட்களைத் திரட்டியவன் கங்காணி. அவன் தன் ஊரிலும் அயலூரிலும் உள்ள உறவினர்க்கு முன்பணம் கொடுத்து அழைத்துச் சென்றான். அம்முன்பணம் கடனாக நின்றது. ஒரு தோட்டத்தினின்று மற்றொரு தோட்டத்திற்குச் செல்வோர், தம் கடன் இவ்வளவு எனக் காட்டும் 'துண்டு' என்னும் சீட்டுப் பெற்றே செல்லுதல் வேண்டும். புதுத் தோட்டத்தார் அக்கடனைத் தீர்த்தால் அது அங்குத் தொடரும். செருமானியருள்ளும் கப்பற் கூலி கொடுக்க இயலாதார், தம் உழைப்பைச் சில ஆண்டுகளுக்கு விற்றுக் கடன் தீர்த்தனர். ஆனால் அவர்தம் அடிமைக்கு ஆண்டெல்லை இருந்தது. துண்டுக்கு அவ்வெல்லை இல்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே துண்டு முறை ஒழிந்தது.

கங்காணி முறையின் கொடுமை ஒருபுறம் இருக்க, குடிவழி ஆராய்வார்க்கு அது ஓர் உதவியும் செய்துள்ளது. ஒரு கங்காணியின் கீழ் வந்தோர் பெரும்பாலும் ஓரூரினர் அல்லது உறவினர். ஆதலின் ஒருவனின் ஊர் தெரியாவிடினும், அவனுடன் ஒரே கூட்டத்தில் வந்து அடுத்தடுத்த லயத்தில் வாழ்ந்தோருள் ஒருவர் ஊர் தெரியின், தேடுதற்குரிய எல்லை குறுகிவிடும். செருமானியக் குடிவழி ஆராய்வாரும் ஒருவன் பெயரை மட்டும் தேடாது, அவனுக்கு முன்னும் பின்னும் பட்டியலில் நிற்கும் பெயர்களையும் தேடுவர். ஓரூரார் ஒருங்கே கப்பலேறினர் ஆதலின்.

3. இருவேறு சட்டங்களும் ஒரே பாட்டனாரும்

1948ஆம் ஆண்டு இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், குடிவழியைக் குடியுரிமைக்கு அடிப்படை ஆக்கிற்று. இலங்கையிற் பிறந்த ஒருவர் மரபுவழிக் குடியுரிமை பெறவேண்டுமாயின், அவர் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் ஆங்குப் பிறந்திருத்தல் வேண்டும். தாய்வழி கணக்கில் கொள்ளப்படவில்லை. இலங்கையிற் குடிப்பதிவு 1867ஆம் ஆண்டிலேயே தொடங்கியதாயினும், தோட்டங்களிற் பிறந்த அனைவர்க்கும் சான்றிதழ் இருந்ததில்லை. மூன்று தலைமுறையாக ஒரே மலையிற் கொழுந்து பறித்த குடும்பமும், தந்தை பிறந்த நாளைக் காட்டும் தாளின்றி அயலார் ஆயிற்று. இவ்வாறு ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றோர் ஆயினர்.

1949ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம், இந்திய பாகிசுத்தானிய வழியினர் பதிவின் வாயிலாகக் குடியுரிமை பெற ஒரு வழி வகுத்தது. அதற்கு மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்தமையை மெய்ப்பித்தல் வேண்டும். தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லுதலும், குலதெய்வத்திற்கு நேர்ந்த கடன் கழிக்கச் சொந்த ஊர் செல்லுதலும் தமிழர் வழக்கம். அச்செலவு நீண்டுவிடின் இடையறாமை அறும். எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

மறுகரையில், இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்பு வேறொன்று வேண்டிற்று. வெளிநாட்டில் வாழும் ஒருவர் இந்தியக் குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ள விரும்பின், அவரோ, பெற்றோருள் ஒருவரோ, பாட்டன் பாட்டியருள் ஒருவரோ பிரிவுறா இந்தியாவிற் பிறந்திருத்தல் வேண்டும். இதன்கண் தந்தைவழி, தாய்வழி என்னும் வேறுபாடு இல்லை. இவ்விரு சட்டங்களையும் ஒருங்கு நோக்குவார்க்கு ஒருண்மை புலனாகும். ஒரே குடும்பத்தின் ஒரே பாட்டனார் ஒரு நாட்டுச் சட்டத்தின்முன் இலங்கையிற் பிறந்தவர் என்றும், மற்றொரு நாட்டுச் சட்டத்தின்முன் இந்தியாவிற் பிறந்தவர் என்றும் மெய்ப்பிக்கப்பட வேண்டியவர் ஆனார். அவர் எங்குப் பிறந்தார் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லாத குடும்பம், இரு வாயில்களுக்கும் புறத்தே நின்றது.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இலால் பகதூர் சாத்திரியும் ஓர் உடன்பாடு செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாட்டால் இருநாடுகளும் செம்பாதியாகப் பகிர்ந்துகொண்டன. இவ்வுடன்பாடுகள் தனி மனிதரின் குடிவழியை நோக்காது தொகையை நோக்கின. முன்னைய சட்டம் தாள் தாளாக ஆராய்ந்து மறுத்த மக்களை, பின்னைய உடன்பாடு எண்ணிக்கையாக மட்டும் பங்கிட்டது. அதனால் உடன்பிறந்தாருள் ஒருவர் இலங்கையராகவும் மற்றொருவர் இந்தியராகவும் பிரிந்த குடும்பங்கள் உண்டு.

4. நீலகிரிக்கு வந்தமை

1964ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களிற் புயல் தனுக்கோடியை அழித்தது. அதன்பின் தலைமன்னாருக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே சென்ற கப்பலில் தாயகம் திரும்பியோர் வந்தனர். முன்னோர் இலங்கைக்குச் செல்லும்போது நோய்த் தடுப்பிற்காகத் தங்கவைக்கப்பட்ட மண்டபம் முகாமே, வழித்தோன்றல்கள் திரும்புகையில் அவர்களை வரவேற்ற இடமும் ஆயிற்று. 1984ஆம் ஆண்டு கப்பற் போக்குவரத்து நின்றது. அதற்குள், பின்னர்ப் பிறந்த குழந்தைகளையும் சேர்த்து, நான்கரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உடன்பாடுகளின்படி இந்தியக் குடிகளாயினர்.

அவர்களுக்கு வேலையளித்தற்பொருட்டு 1968ஆம் ஆண்டு வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் நீலகிரியில் தொடங்கப்பட்டது. 1975ஆம் ஆண்டு அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக அமைந்தது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட அக்கழகத்தின் தோட்டங்கள் கோத்தகிரி, நடுவட்டம், பாண்டியாறு, சேரங்கோடு, சேரம்பாடி, கொளப்பள்ளி முதலிய இடங்களில் எழுந்தன. மக்கள் அதனை 'டான்டீ' என்பர். ஆயினும் தோட்ட வேலை பெற்றோர் ஒரு பகுதியினரே. மிகப் பலர்க்குத் தொழிற்கடன் அளித்துச் சமவெளி ஊர்களில் விட்டனர். வாணிகம் அறியாத அவருட் பலர் கையிலிருந்த சிறுதொகை கரைந்தபின், அறிந்த தொழிலும் பழகிய குளிரும் உள்ள நீலகிரியை நாடித் தாமே மலையேறினர். சொந்த ஊர் எனப் பெயரளவில் அறிந்த இடத்தில் நிலமோ வீடோ உறவோ இன்மையை அவர்கள் கண்டனர். நூறாண்டுப் பிரிவு, ஊரார் நினைவிலிருந்து அவர்தம் முன்னோரை அகற்றிவிட்டிருந்தது. இதுவே குடிவழி அறுதலால் விளைந்த துன்பங்களுள் மிகப் பெரிதாகும்.

5. பெயர் தரும் செய்தி

தமிழர்க்குக் குடும்பப் பெயர் என ஒன்று தொடர்ந்து வருவதில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே மகன் பெயருக்கு முன் நிற்கும். ஆதலின் ஒரு பெயர் ஒரு தலைமுறையை மட்டுமே காட்டும். பழந்தமிழ்ப் புலவர் பெயர்களை நோக்கின், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரில் ஊரும், தந்தையின் தொழிலும், மகன் பெயரும் ஒருங்கே அமைந்திருத்தலைக் காண்கிறோம். கோவூர் கிழார், ஆவூர் மூலங்கிழார் என்பனவும் ஊரைத் தாங்கி நிற்பன. இவ்விரிவு தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில் இல்லை. 'செக்ரோல்' எனப்பட்ட அவ்வேட்டில் இராமசாமி, பெரியசாமி, கறுப்பையா, செல்லாயி, மாரியாயி என ஒற்றைப் பெயரே நிற்கும். ஒரே பெயரினர் பலராயின் எண்ணால் வேறுபடுத்தினர். எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதியமையின் ஒரே பெயர் பல எழுத்துக்கூட்டல்களில் வரும். கப்பல் தலைவனின் பட்டியலிற் செருமானியப் பெயர் சிதைந்தவாறே, செக்ரோலில் தமிழ்ப் பெயரும் சிதைந்தது. ஆங்கு ஒப்பப் பட்டியல் உதவிற்று; ஈண்டுப் பெரும்பாலோர் பெருவிரற் பதிவே இட்டனர் ஆதலின் அவ்வுதவி இல்லை.

பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடும் வழக்கமும் கருதத்தக்கது. பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். இவ்வழக்கத்தால் ஒரு பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறையில் மீண்டும் வரும். ஓர் எடுத்துக்காட்டினைக் கற்பித்துக் காண்போம். 1900ஆம் ஆண்டளவில் ஒரு தோட்டத்திற் பெரியசாமி என்பான் ஒருவன் உளன். அவன் மகன் இராமசாமி. அவன் மகன் பெரியசாமி. இடைப்பட்ட ஆண்டுகளின் ஏடு அழிந்துவிடின், முதற் பெரியசாமியும் இறுதிப் பெரியசாமியும் ஒருவராகவே தோன்றுவர். அவ்வாறு கொள்வோர் இரண்டு தலைமுறையை இழப்பர். இந்தியாவிலிருந்து வந்த முதல்வன் யார், இலங்கையிற் பிறந்த பெயரன் யார் என்பது மறையும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒருவரின் உரிமையே அவ்வேறுபாட்டைச் சார்ந்து நின்றது. ஆனால் இவ்வழக்கத்தை அறிந்து ஆராய்வார்க்கு இதுவே துணையுமாகும். உயிரோடிருக்கும் ஒருவர் தம் பாட்டனார் பெயரை மறந்திருப்பினும், அவர் குடும்பத்து மூத்த மகன் பெயர் அதனைக் காட்டக்கூடும்.

6. சான்றுகளும் அவற்றின் தரமும்

நீலகிரியில் உள்ள குடும்பங்களின் மரபினை ஆராய்தற்குரிய சான்றுகளை எழுத்துச் சான்று, வழக்குச் சான்று என இருவகையாகப் பகுக்கலாம்.

எழுத்துச் சான்றுகளுள் முதலாவது, இந்தியக் கடவுச்சீட்டும் அதனுடன் அளிக்கப்பட்ட குடும்ப அட்டையும் ஆகும். இவை புறப்பட்ட நாளையும் குடும்பத்தார் பெயரையும் தெளிவாகக் காட்டும். ஆனால் ஒன்றிரண்டு தலைமுறைக்கு அப்பாற் செல்லா. இரண்டாவது, இலங்கைப் பிறப்புச் சான்றிதழ். இதன் படிவத்தில், பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவர் பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் எழுதுதற்குத் தனி வரி உண்டு, பூட்டனார்க்கும் அவ்வாறே. குடியுரிமைச் சட்டத்தின் வினா பிறப்புப் படிவத்துள்ளும் புகுந்தமைக்கு இவ்வரிகளே சான்று. அவை நிரப்பப்பட்டிருப்பின் மூன்று, நான்கு தலைமுறை ஒருங்கே கிடைக்கும். வெற்றிடமாக இருப்பின், அவ்வெற்றிடமும் முன்னோர் பிறப்பை அக்குடும்பம் மெய்ப்பிக்க இயலாது நின்றமையைக் காட்டக்கூடும். மூன்றாவது, தோட்டத்துச் செக்ரோல். நான்காவது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் புகுந்த தகரத்துண்டு. தோட்டத்தின் எண் பொறித்த அச்சிறு தகட்டினைக் கழுத்திற் கட்டிக்கொண்டு மக்கள் பயணம் செய்தனர். அது எந்தத் தோட்டத்திற்குச் சென்றனர் என்பதைக் காட்டும். எந்த ஊரினின்று சென்றனர் என்பதைக் காட்டாது.

வழக்குச் சான்றுகளுள் தலையாயது குலதெய்வம். ஊர்ப்பெயரை மறந்தோரும் குலதெய்வத்தின் பெயரை மறப்பது அரிது. தோட்டத்தில் மாரியம்மன் கோயில் எழுப்பி அனைவரும் ஒருங்கே வழிபடினும், காதுகுத்து, திருமணம் முதலியவற்றில் தம் குலதெய்வத்தைத் தனியே நினைப்பர். தெய்வத்தின் பெயரும், படையற் பொருளும், உடன் நிற்கும் காவல் தெய்வங்களின் வரிசையும் ஒருங்கே தெரியின், தமிழகத்தில் அக்கோயில் உள்ள வட்டாரத்தை உய்த்துணரலாம். இரண்டாவது, பங்காளி முறையும் மாமன் மைத்துனர் முறையும். எக்குடும்பத்தோடு பெண் கொள்ளல் இல்லை என்பது, அக்குடும்பத்தோடு ஒரு முன்னோனைப் பொதுவாக உடைமையைக் காட்டும். மூன்றாவது, வட்டாரச் சொற்கள். நான்காவது, தாலாட்டும் ஒப்பாரியும் ஏனைய பாடல்களும். மலைநாட்டுப் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து வெளியிட்டமை ஈண்டு நன்றியுடன் நினைக்கத்தக்கது. ஒப்பாரியில் இறந்தோரின் ஊரும் உறவும் எடுத்துரைக்கப்படும்.

இவ்விரு வகையுள் எது வலிமையுடையது எனின், நாளும் ஆண்டும் கூறுதற்கு எழுத்துச் சான்றே வலிமையுடையது. புறப்பட்ட ஊரைக் கூறுதற்கு வழக்குச் சான்றே பெரும்பாலும் எஞ்சியுள்ளது. செருமானியர்க்குப் புறப்பட்ட கரையிற் கோயிற் பதிவேடு இருந்தது. தமிழகத்துச் சிற்றூர்களில் உழவர் கூலிகளின் பிறப்பையும் திருமணத்தையும் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த ஏடு பொதுவாக இல்லை. அவ்வேட்டின் இடத்தில் நமக்குக் குலதெய்வக் கோயிலே நிற்கிறது. ஆனால் சட்டம் கேட்டது எழுத்தையே. மக்களிடம் இருந்த சான்று வேறு, அரசு கேட்ட சான்று வேறு என்பதே இவ்வரலாற்றின் நடுவண் நிற்கும் உண்மையாகும். அவர்கள் தம் முன்னோரை அறியாதார் அல்லர். அறிந்த முறையை அரசு ஏற்கவில்லை.

7. ஆராயும் நெறி

மேற்கூறியவற்றால் பின்வரும் நெறிகள் பெறப்படும். முதலாவது, இன்று வாழ்வோரிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். முன்னோன் ஒருவனைக் கற்பித்துக்கொண்டு அவனிலிருந்து கீழிறங்குதல் ஆகாது. சோழர் செப்பேடுகள் ஞாயிற்றினின்று மரபு தொடங்குவன. அவற்றுள் புராணம் முடிந்து வரலாறு தொடங்கும் இடத்தைப் பிரித்தறிந்தே வரலாற்றாசிரியர் அவற்றைப் பயன்படுத்தினர். எளிய குடும்பங்களின் மரபிற்கும் அந்நெறியே உரியது. இரண்டாவது, தனி ஒருவரைத் தேடாது கங்காணியின் கூட்டத்தைத் தேடுதல் வேண்டும். மூன்றாவது, எழுத்துச் சான்று ஒன்றும் வழக்குச் சான்று ஒன்றும் தனித்தனியே ஒரே முடிவைக் காட்டுமாயின் அதனை ஏற்கலாம். ஒன்று மட்டும் காட்டுமாயின் கருதுகோளாகவே நிறுத்தல் வேண்டும். நான்காவது, தாய்வழியையும் எழுதுதல் வேண்டும். தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து பறித்தோருட் பெரும்பாலோர் பெண்டிர். அவர் பெயரும் உழைப்பும் செக்ரோலில் உள்ளன. தந்தைவழி ஒன்றையே கேட்ட சட்டத்தின் குறையை ஆராய்ச்சியும் பின்பற்றுதல் முறையன்று.

ஐந்தாவதாக ஓர் எச்சரிக்கையும் வேண்டும். குடிவழி ஆராய்ச்சி சாதியைத் துருவி இழிவுபடுத்தும் கருவியாதல் கூடாது. கடல் கடந்தோர் பலர் சாதிக் கொடுமைக்கு அஞ்சியே சென்றனர். அவருட் சிலர் பழம்பெயரை வேண்டுமென்றே விடுத்துப் புதுப்பெயர் பூண்டிருத்தலும் கூடும். உரியவர் வெளியிட விரும்பாததை ஆராய்வார் வெளியிடுதல் தகாது. மற்றொரு புறம், கல்வியிலும் பணியிலும் தமக்குரிய சலுகையைப் பெற இனச்சான்று வேண்டுவோர்க்கு முன்னோர் ஊரும் குடியும் தெரிதல் பயன்தரும். ஆதலின் ஆராய்ச்சியின் பயன் அக்குடும்பத்தையே முதற்கண் சேர்தல் வேண்டும்.

8. முடிவுரை

2003ஆம் ஆண்டு இலங்கைப் பாராளுமன்றம் இயற்றிய 35ஆம் எண் சட்டம், 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30 முதல் ஆங்கு நிலையாக வாழ்ந்த இந்திய வழியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளித்தது. பாட்டன் எங்குப் பிறந்தான் என்னும் வினா அவ்வளவில் ஆங்கு வலியிழந்தது. ஆயின் அதற்கு முன்னரே கடல் கடந்து நீலகிரி சேர்ந்தோர்க்கு அவ்வினாவின் விளைவு வாழ்க்கையாகவே அமைந்துவிட்டது. வாழும் நாட்டில் உரிமை பெறுதற்கு முன்னோர் பிறந்த இடத்தை மெய்ப்பிக்குமாறு எளியோரைக் கேட்டல் முறையன்று என்பதை அவர்தம் வரலாறு காட்டுகிறது. முன்னோரை அறிய விரும்புதலோ மாந்தர்க்கு இயல்பு. அதற்கு உதவுதல் கற்றோர் கடன்.

அமெரிக்கச் செருமானியரின் பட்டியல்கள் முதற்கண் தொகுக்கப்பெற்ற 1856ஆம் ஆண்டில், அவற்றில் ஒப்பமிட்ட முதல் தலைமுறையினர் இறந்து பல்லாண்டு கழிந்திருந்தது. தொகுத்தோர்க்கு ஏடுகளே துணை. நமக்கோ இலங்கைத் தோட்டங்களிற் பிறந்து, கப்பலேறி வந்து, நீலகிரியிற் புதுத்தோட்டம் உருவாக்கிய முதியோர் இன்றும் உளர். குலதெய்வத்தின் பெயரும், ஒப்பாரியின் அடியும், கங்காணியின் ஊரும் அவர் நினைவில் உள்ளன. அந்நினைவு அவரோடு மறையும் தன்மையது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத் துறைகளும் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளில் அவற்றைக் கேட்டு எழுதுதலும், குடும்பங்களிடம் உள்ள கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை ஆகியவற்றிற்கு உரியவர் இசைவோடு படி எடுத்துக் காத்தலும் உடனே செய்யத்தக்க பணிகளாம். ஏடுகள் காத்திருக்கும், முதியோர் காத்திரார். ஆதலின் வழக்குச் சான்றினை முதற்கண் தொகுத்து, எழுத்துச் சான்றினை அதன்பின் தேடுதலே நீலகிரிக்குப் பொருந்தும் முறை எனத் துணியலாம்.